நிரலுக்கும் உரை வேண்டும்

தமிழில் ஒரு பழைய நூல் இன்று நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் அதற்கு ஓர் உரைகாரர் வாய்த்திருந்தார் என்று பொருள். இளம்பூரணரும் சேனாவரையரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதாமல் போயிருந்தால், தொல்காப்பியத்தின் எத்தனை நூற்பாக்கள் நமக்கு விளங்கியிருக்கும்? புறநானூற்றில் இதை நாம் நேராகவே உணரலாம். அதன் முதல் 266 பாட்டுகளுக்குப் பழைய உரை உண்டு. அதற்கு மேல் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1894-இல் அந்நூலை அச்சேற்றியபோது, உரை நின்றுபோன இடத்துக்கு அப்பால் மூலத்தை மட்டுமே தர முடிந்தது. முதற் பகுதியைப் படித்துக்கொண்டே வருகிற வாசகர் அந்த எல்லையைத் தாண்டியதும், வழித்துணை விடைபெற்றுக்கொண்டதுபோல் உணர்வார். சொற்கள் அதே சொற்கள்தாம். கூட வந்தவர்தான் இல்லை.

கணினி நிரல் எழுதுவோருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. நிரல் என்பது கணினிக்கு இடுகிற கட்டளைகளின் வரிசை. எழுதியவர் அருகில் இருக்கும்வரை அது விளங்கும். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், அடுத்து வருபவர் அந்த வரிகளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பலரும் பழகும் மொழியில் எழுதியதென்றால் கேட்டறிய நான்கு பேராவது கிடைப்பார்கள். சிலரே பழகும் சிறு மொழியென்றால் அதுவும் இல்லை. இந்தச் சிக்கலுக்கு விடையாக நிரலாளர்கள் கண்டறிந்த வடிவங்களுள் ஒன்று ஊடாடும் குறிப்பேடு. விளக்கவுரை, நிரல், நிரலை இயக்கிப் பெற்ற விடை ஆகிய மூன்றும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருக்கும். படிப்பவர் நிரலை அங்கேயே மாற்றி, அங்கேயே மீண்டும் இயக்கிப் பார்க்கலாம்.

அதன் வரலாற்றைத் தென்காசியிலும் குற்றாலத்திலும் நின்றுகொண்டு சொல்லிப் பார்க்க விரும்புகிறோம். காரணம் உண்டு. உரை சொல்வதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவர் தம் பிற்காலத்தைக் கழித்தது குற்றாலத்தில். தனக்கென ஒரு சிறு நிரல்மொழியை வைத்திருக்கும் மென்பொருள் நிறுவனம் ஒன்று இன்று இயங்குவது தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில். இரண்டுக்கும் இடையே சில மைல்களே தூரம்.

*

ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்து வட்டத்தொட்டியில் கூடிய நண்பர்களைப் பற்றியும், பின்னர் அவர் குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்ததைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கின்றன. இராஜாஜியும் கல்கியும் நீதிபதி மகராஜனும் பாஸ்கரத் தொண்டைமானும் அவரிடம் கவிதை கேட்டவர்கள். நம் கட்டுரைக்கு வேண்டியது அவர் கவிதையைக் கையாண்ட முறை.

டி.கே.சி. பாட்டை முதலில் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு பதவுரை பொழிப்புரை சொல்லும் பள்ளிக்கூட வழியில் சென்றவர் அல்லர். பாட்டு பிறக்கும் இடத்தைச் சொல்வார், சூழலைக் கட்டுவார், கேட்பவர் மனம் பதப்பட்டதும் பாட்டைப் பாடுவார், அதன்பின் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டுவார், மீண்டும் பாடுவார். உரையும் மூலமும் மாறி மாறி வந்தன. கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தில் அது பலித்ததா இல்லையா என்பதே அவருக்கு அளவுகோல். ‘இதய ஒலி’யைப் படிப்பவர்கள், அச்சிலும் அவர் அதே முறையை விடவில்லை என்பதைக் காண்பார்கள்.

இது டி.கே.சி. புதிதாகப் படைத்த முறையுமன்று. இறையனார் களவியல் உரை தன் பிறப்பைப் பற்றித் தானே சொல்லும் கதை நமக்குத் தெரியும். அறுபது சூத்திரங்களுக்கும் புலவர்கள் ஆளுக்கோர் உரை கண்டார்கள். எது மெய்யுரை என்று தீர்ப்புச் சொல்ல, உருத்திரசன்மன் என்ற ஊமைச் சிறுவனை உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவரும் தம் உரையைச் சொல்ல, சிறுவன் சும்மா இருந்தான். நக்கீரர் உரை சொன்னபோது கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். வரலாறாக இதை யாரும் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் சூத்திரம், உரை, இரண்டையும் கேட்டு வாய்திறவாமல் விடை காட்டும் ஒரு மூன்றாம் தரப்பு என்ற அமைப்பைக் கவனிக்கலாம். மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் நூல் முழுமை பெறுகிறது என்று நம் மரபு எண்ணியிருக்கிறது. கணினியும் ஓர் ஊமைப் பிள்ளைதான். நம் சொல் சரியாக இருந்தால் விடை தருகிறது. இல்லையேல் சும்மா இருக்கிறது, அல்லது பிழை என்கிறது.

*

தொடக்கக் காலக் கணினிகளோடு இப்படி உரையாட வழி இருக்கவில்லை. நிரலைத் துளையட்டைகளில் பொறித்துக் கணினி அறையில் கொடுத்துவிட்டு, விடைக்குக் காத்திருக்க வேண்டும். 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பேசிக் மொழி பிறந்தபோது, மாணவர்கள் தட்டச்சு முனையத்தில் அமர்ந்து ஒரு கட்டளை இட்டு உடனே விடை பெறும் நிலை வந்தது. அதே காலத்தில் கென்னத் ஐவர்சன் என்ற கனடா நாட்டுக் கணிதர், 1962-இல் தாம் நூலாக வெளியிட்ட கணிதக் குறியீட்டு முறையை ஐபிஎம் நிறுவனத்தில் ஒரு நிரல்மொழியாக வளர்த்தெடுத்தார். ஏபிஎல் என்ற அம்மொழியில், மற்ற மொழிகளில் ஒரு பக்கம் பிடிக்கும் கணக்கு ஒரே வரியில் அடங்கிவிடும். குறட்பாவைப் போன்ற செறிவு அது. ஆகவே குறளைப் போலவே உரை வேண்டி நின்றது. உடனுக்குடன் விடை கிடைத்தது உண்மை. ஆனால் அந்த உரையாடல் முனையத்தோடு முடிந்துபோயிற்று. எதற்காக அந்த வரி எழுதப்பட்டது என்பது எங்கும் பதிவாகவில்லை.

அந்தக் குறையை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கனூத். நிரலைக் கணினிக்கு இடும் கட்டளையாகக் கருதுவதை விட்டு, நாம் கணினியை என்ன செய்யச் சொல்கிறோம் என்பதை மனிதருக்கு விளக்கும் எழுத்தாகக் கருத வேண்டும் என்று 1984-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். நிரலாளரைக் கட்டுரையாசிரியரோடு ஒப்பிட்டார். ‘இலக்கிய நிரலாக்கம்’ என்றே அம்முறைக்குப் பெயரிட்டார். ஒரே கோப்பில் உரைநடையும் நிரலும் கலந்து எழுதப்படும். ஒரு கருவி அதிலிருந்து அழகிய அச்சுப் பக்கங்களை நெய்து தரும். மற்றொரு கருவி உரைநடையை நீக்கிவிட்டு நிரலை மட்டும் பிரித்தெடுத்துக் கணினிக்குக் கொடுக்கும். அச்சுக்கோப்புக்காகத் தாம் எழுதிய டெக் என்ற பெரிய மென்பொருள் முழுவதையும் இம்முறையில் எழுதி, 1986-இல் ஒரு புத்தகமாகவே வெளியிட்டார்.

கலந்து கிடப்பதிலிருந்து மூலத்தைப் பிரித்தெடுக்கும் வேலை தமிழ்ப் பதிப்பாசிரியர்களுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டை அச்சிட முனைந்த உ.வே.சா.வுக்குக் கிடைத்த ஏடுகளில் மூலம் தனித்து நிற்கவில்லை. நச்சினார்க்கினியர் உரைக்குள் புதைந்து கிடந்தது. எது பாட்டின் சொல், எது உரையின் சொல் என்று பிரித்துப் பிரித்துத்தான் 1889-இல் அந்நூல் வெளிவந்தது. கனூத்தின் கருவி நொடியில் செய்வதை, அவர் ஒரு பெரும்புலமையின் துணையோடு ஆண்டுக்கணக்கில் செய்தார். உரை இல்லாதிருந்தால் அந்த மூலமும் கிடைத்திருக்காது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கனூத்தின் முறையில் மூலமும் உரையும் சேர்ந்தன. ஊமைப் பிள்ளை இன்னும் பக்கத்துக்குள் வரவில்லை. விடையைக் காண நிரலைத் தனியே இயக்க வேண்டியிருந்தது. அந்த மூன்றாம் உறுப்பைச் சேர்த்தது 1988-இல் வெளியான மாத்தமாட்டிகா என்ற கணித மென்பொருள். தியடோர் கிரே வடிவமைத்த அதன் முகப்பில் குறிப்பேடு என்ற பெயரும் வடிவமும் இருந்தன. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் விளக்கம், அடுத்ததில் கட்டளை, அதன் கீழேயே விடை அல்லது வரைபடம் என்று அமைத்தார்கள். ஆனால் அது விலைகொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். அதன் ஏட்டில் அதன் மொழிக்கு மட்டுமே முதலிடம்.

2001-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த, கொலம்பியா நாட்டில் பிறந்த, ஃபெர்னாண்டோ பெரஸ் தம் ஆய்வேட்டை எழுத வேண்டிய நாள்களில் ஐபைத்தான் என்ற சிறு கருவியை எழுதத் தொடங்கினார். பைத்தான் மொழியில் கட்டளையிட்டு விடை பெறுவதை எளிதாக்குவதே முதல் நோக்கம். 2005-இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிய சேஜ் என்ற கணிதத் திட்டம், உலாவியிலேயே திறக்கும் குறிப்பேடு சாத்தியம் என்று காட்டியது. பிரையன் கிரேஞ்சர் முதலியோர் துணையோடு, 2011-ஆம் ஆண்டின் இறுதியில் ஐபைத்தானுக்கும் உலாவிக் குறிப்பேடு வந்தது. 2014-இல் அது பைத்தான் என்ற ஒரு மொழியின் எல்லையைக் கடந்து ஜுபிட்டர் என்ற பெயர் பெற்றது. ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று மொழிகளின் பெயர்களைக் கோத்துச் செய்த பெயர் அது. வியாழன் கோளின் துணைக்கோள்களை 1610-இல் இரவுதோறும் பார்த்துத் தம் ஏட்டில் படமும் குறிப்புமாகப் பதிந்து வைத்த கலிலியோவுக்கு வணக்கமும் அப்பெயரில் உண்டு. ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததாக லைகோ ஆய்வகம் 2016-இல் அறிவித்தபோது, தரவுகளோடு இத்தகைய ஏட்டையும் பொதுவில் வைத்தது. அறிவியலாளர் சொன்னதை நம்புவது ஒன்று. அவர் போட்ட கணக்கை நாமே இயக்கிப் பார்ப்பது மற்றொன்று.

*

சிறு மொழிகளுக்கு இந்த வரலாற்றில் இடம் கிடைத்தது ஓர் எளிய ஏற்பாட்டால். ஏட்டின் பக்கத்தையும், கட்டளையை இயக்கும் பகுதியையும் ஜுபிட்டரில் தனித்தனியே வைத்தார்கள். இயக்கும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். பக்கம் ஒரு கட்டத்திலுள்ள நிரலைக் கெர்னலுக்கு அனுப்பும். கெர்னல் விடையைத் திருப்பி அனுப்பும். இடையே நடக்கும் பேச்சின் இலக்கணம் எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. ஆகவே எந்த மொழிக்கும் யார் வேண்டுமானாலும் ஒரு கெர்னல் எழுதி, அந்த மொழியை ஏட்டுக்குள் கொண்டுவரலாம். முன்பெல்லாம் ஒரு புதிய மொழியைப் படைப்பவர் அதற்கென எழுதுபலகை, பாடம் சொல்லும் கருவி, படம் காட்டும் கருவி என்று எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டியிருந்தது. ஐவர்சன் 1990-இல் ரோஜர் ஹூயுடன் சேர்ந்து படைத்த ஜே என்ற மொழிக்கு, படித்துக்கொண்டே இயக்கிப் பார்க்கும் பாடங்களை அம்மொழியினர் சொந்தமாகவே செய்துகொண்டார்கள். ஜுபிட்டர் வந்தபின் நூற்றுக்கும் மேற்பட்ட கெர்னல்கள் எழுதப்பட்டுவிட்டன. உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கோர் பழகும் மொழிகளும் அவற்றுள் உண்டு.

தமிழில் இதற்கு நேரான எடுத்துக்காட்டு எழில். முத்து அண்ணாமலை 2007-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி, 2009-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக விவரித்து, 2013-இல் திறந்த மூலமாக வெளியிட்ட தமிழ் நிரல்மொழி அது. அதைக் கற்பிக்க அவரும் என்.சொக்கனும் சேர்ந்து ஒரு நூலும் எழுதினார்கள். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்களை ஒட்டுப்போட்டதோடு எழில் நிற்கவில்லை என்பதுதான் நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்களுக்குச் சுவையான செய்தி. ஏழு நாள் உண்டியல் கணக்கை ஓர் ஏட்டில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் உரை:

“முதல் நாள் ஒரு ரூபாய், இரண்டாம் நாள் இரண்டு ரூபாய், இப்படியே ஏழு நாள் உண்டியலில் போட்டால் மொத்தம் எவ்வளவு சேரும்?”

இரண்டாம் கட்டத்தில் நிரல்:

நாள் = 1
மொத்தம் = 0
@( நாள் <= 7 ) வரை
மொத்தம் = மொத்தம் + நாள்
நாள் = நாள் + 1
முடி
பதிப்பி மொத்தம்

மூன்றாம் கட்டத்தில் விடை: 28.

‘வரை’ என்ற சொல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஆங்கில வழி மொழிகளில் அதற்கு இணையான சொல் நிபந்தனைக்கு முன்னால் வரும். எழிலில் நிபந்தனை முதலில் வருகிறது, ‘வரை’ அதைத் தொடர்கிறது. ‘ஆனால்’ என்ற சொல்லும் அப்படியே நிபந்தனைக்குப் பின்னால்தான் வரும். ‘ஏழு ஆகும் வரை’ என்று நாம் பேசுகிற முறை அது. தமிழின் தொடரமைப்பை ஒரு நிரல்மொழிக்குள் கொண்டுபோன இந்தச் சிறு முடிவில் இலக்கணச் சிந்தனை இருக்கிறது. எழில் பைத்தானில் எழுதப்பட்டது. ஜுபிட்டர் பிறந்ததும் பைத்தானில்தான். ஆகவே இரண்டையும் இணைக்கும் கெர்னல் பெரும் உழைப்பைக் கோரும் ஒன்றன்று. முறை தெரிந்தவருக்குச் சில பக்கங்களில் அடங்கும் வேலை.

ஆயினும், தமிழ்க் கலைச்சொற்களால் ஆன மொழி ஒன்று வந்துவிட்டால் தமிழில் நிரலாக்கம் தழைத்துவிடும் என்று நாம் நம்பவில்லை. மொழி ஒன்று, அதைச் சுற்றி உரை வளர்வது வேறொன்று. எழிலுக்குக் கிடைத்த நூல்கள் மிகக் குறைவு. பைத்தானுக்கு ஆங்கிலத்தில் கிடைத்த உரைகளோ கணக்கில் அடங்கா. பைத்தான் பரவியதற்கு அதன் இலக்கணம் எளிமையானது என்பது மட்டும் காரணமன்று. அதை எடுத்துச் சொல்ல ஆயிரக்கணக்கானோர் முன்வந்ததும் காரணம்.

*

இந்த இடத்தில் மத்தளம்பாறைக்குச் செல்வோம். ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாறியது. 2011-இல் அது தென்காசிப் பகுதியில் சிறிய அளவில் ஓர் அலுவலகத்தைத் திறந்தது. பெருநகரில் மட்டுமே செய்யக்கூடியதாகக் கருதப்பட்ட வேலை, பொதிகை அடிவாரத்தில் வயல்களுக்கு நடுவே நடக்கத் தொடங்கியது. பள்ளிப்படிப்பை முடித்தவர்களைக் கல்லூரிக்கு அனுப்பாமல் தானே பயிற்றுவிக்கும் பள்ளியையும் அந்நிறுவனம் நடத்துகிறது. அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு நிரல்மொழி உண்டு. டெலூஜ் என்று பெயர். 2006-இல் வெளிவந்த ஜோஹோ கிரியேட்டர் என்ற சேவையோடு பிறந்தது. கடைக் கணக்கு, வருகைப் பதிவு, விண்ணப்பம் போன்றவற்றுக்கு வேண்டிய சிறு செயலிகளை, நிரலாக்கத்தில் பெரும் பயிற்சி இல்லாதவரும் உலாவியிலேயே எழுதிக்கொள்ள உதவும் மொழி.

டெலூஜும் எழிலும் இருவகைச் சிறு மொழிகளின் மாதிரிகள். டெலூஜ் ஒரு நிறுவனத்தின் நிழலில் நிற்கிறது. அதனால் அதற்குச் சம்பளம் பெறும் பராமரிப்பாளர்கள் உண்டு; அந்த நிழலுக்கு வெளியே அதற்கு வீடு இல்லை. எழில் யாருக்கும் சொந்தமன்று. யாரும் எடுத்துத் திருத்தலாம். திருத்துவதற்கு ஆள் வர வேண்டும் என்பதே அதன் பாடு.

இரண்டில் எதைக் கற்றாலும், தென்காசிப் பக்கத்துத் தமிழ்வழி மாணவர் ஒருவருக்கு முன்னால் நிற்கும் தடை ஒன்றுதான். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் பாடமாக இருக்கிறது. தமிழ்வழிப் பாடநூலும் உண்டு. புத்தகம் தமிழில், நிரல் ஆங்கிலத்தில், கணினித் திரை முழுவதும் ஆங்கிலத்தில் என்று மூன்று தனித்தனி உலகங்களாக அவை நிற்கின்றன. புத்தகத்தில் படித்ததைத் திரையில் எழுதும்போது, உரை எங்கோ பின்தங்கிவிடுகிறது. மனப்பாடம் அந்த இடைவெளியில்தான் புகுந்துகொள்கிறது.

குறிப்பேடு இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் வைக்க முடியும் என்பதை நம் கல்வியாளர்கள் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது. விளக்கக் கட்டம் முழுவதும் தமிழில் இருக்கலாம். நிரற் கட்டத்திலும், 2008-இல் வந்த பைத்தானின் மூன்றாம் பதிப்பு முதல், மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘மொத்தம்’, ‘நாள்’ என்று எழுதினால் கணினி மறுப்பதில்லை. குற்றாலத்துச் சாரல் நாள்களை ஒரு மாணவர் தினமும் குறித்துவைத்து, ஆனி ஆடி மாதங்களில் எத்தனை நாள் அருவி விழுந்தது என்று கணக்கிட்டு, அதன் காரணத்தைத் தமிழில் அதே பக்கத்தில் எழுதுவார் என்றால், அந்த ஏடு அவருடைய உரைநூல். கட்டளைச் சொற்கள் நான்கைந்து ஆங்கிலத்தில் இருப்பது அப்போது பெரிய இடையூறாகத் தோன்றாது. வடசொல்லை விலக்காமல் ஏற்று, அதற்குத் தமிழில் உரை சொன்னவர்கள் நம் உரைகாரர்கள். மூலம் எந்த மொழியில் இருந்தாலும், உரை தமிழில் இருக்கும்வரை அறிவு தமிழுக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

*

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதன் குறையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. குறிப்பேட்டில் கட்டங்களை எந்த வரிசையிலும் இயக்கலாம். ஐந்தாம் கட்டத்தை முதலில் இயக்கிவிட்டு, இரண்டாம் கட்டத்தைத் திருத்திவிட்டு, திருத்தியதை இயக்க மறந்தும் விடலாம். அப்போது பக்கத்தில் தெரியும் நிரல் ஒன்று. அதன் கீழே தெரியும் விடை, அழிந்துபோன வேறொரு நிரலுக்குரியது. 2018-இல் ஜுபிட்டர் அன்பர்களின் மாநாட்டு மேடையிலேயே ஜோயல் கிரஸ் என்பவர் தமக்கு இந்த ஏடுகள் பிடிப்பதில்லை என்று சொல்லி, இக்குறையை எடுத்துக்காட்டினார். 2019-இல் பிரேசில், அமெரிக்க ஆய்வாளர்கள் பொதுவில் கிடைக்கும் சுமார் 14 லட்சம் ஏடுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். இயக்கிப் பார்த்தவற்றுள் பிழையின்றி முடிந்தவை சுமார் 24 விழுக்காடு. ஏட்டில் பதிந்திருந்த விடையே மீண்டும் வந்தது சுமார் 4 விழுக்காட்டில் மட்டும்.

பாடபேதத்தோடு பழகிய தமிழ் வாசகருக்கு இது அதிர்ச்சி தராது. உரைகாரர் கண்ட பாடம் ஒன்று, இன்று அச்சில் நிற்கும் மூலம் ஒன்று என்று இரண்டும் பொருந்தாமல் நிற்கும் இடங்களை நாம் எத்தனையோ முறை சந்தித்திருக்கிறோம். டி.கே.சி.யின் பெயரோடு ஒட்டிய பெரிய சர்ச்சையும் இதுவேயன்றோ? கம்பராமாயணத்தின் மிகப் பல பாடல்களை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றிப் படித்தார். தம் செவிக்குக் கவியாகப் படாதது கம்பனுடையதாக இருக்க முடியாது என்பது அவர் நிலை. விளைவு இனிமையாகவே இருந்தது. ஆனால் எந்த ஏட்டிலிருந்து எந்த வழியாக அந்தப் பாடம் வந்தது என்று கேட்ட புலவர்களுக்கு அவர் காட்டியது தம் இதயத்தை மட்டுமே. பதிப்பாசிரியரின் வழி அதற்கு எதிரானது: எந்த ஏட்டில் எந்தப் பாடம் இருந்தது என்று அடிக்குறிப்பில் எழுதிவைப்பது. ரசிகருக்கு விடை போதும். அடுத்த தலைமுறைக்கு விடை வந்த வழியும் வேண்டும். குறிப்பேடு எழுதுவோருக்கு இரண்டு குணமும் தேவைப்படுகின்றன.

இதற்கு மருந்து தேடியதிலும் சிறு மொழி ஒன்றே முன்னால் நின்றது. நான்கு பேர் சேர்ந்து படைத்து 2012-இல் வெளியிட்ட மொழி ஜூலியா. அந்நால்வருள் நம் நாட்டவரான விரால் ஷாவும் ஒருவர். அம்மொழிக்காக 2020-இல் ஃபோன்ஸ் வான் டெர் பிளாஸ் முதலியோர் புளூட்டோ என்ற ஏட்டை வெளியிட்டனர். அதில் ஒரு கட்டத்தைத் திருத்தினால், அதைச் சார்ந்த கட்டங்கள் எல்லாம் தாமாகவே மீண்டும் இயங்கிவிடும். பழைய விடை புதிய நிரலின் கீழ் ஒளிந்து நிற்க இடமில்லை. பெரிய மொழிகள் தம் பழக்கங்களை எளிதில் விடுவதில்லை. சிறிய மொழிகளுக்குத்தான் முதலிலிருந்து எண்ணிப் பார்க்கும் சுதந்திரம் இருக்கிறது.

*

தென்காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எடுப்பித்தவன் பராக்கிரம பாண்டியன். அக்கோயிலின் கல்வெட்டுப் பாடல்களில் அவன் சொல்லியிருக்கும் ஒரு செய்தி தமிழகக் கல்வெட்டுகளில் அரிதானது. தன் கொடையை அழிப்பவர் இன்ன பாவம் அடைவர் என்று சபிப்பது மன்னர்களின் வழக்கம். இவன் அவ்வாறன்றி, பிற்காலத்தில் இக்கோயிலில் பழுது நேர்ந்து அதைச் செப்பனிடப் போகிறவர் யாரோ, அவர் காலில் இப்போதே விழுந்து வணங்குவதாகச் சொல்கிறான். முடி சூடிய ஒருவன் இன்னும் பிறக்காத ஒரு பழுதுபார்ப்பவனை வணங்குகிறான். அக்கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. 178 அடி உயரத்துக்கு அதை மீண்டும் எழுப்பிக் குடமுழுக்கு நடந்தது 1990-இல்.

சிறு மொழியை எழுதுகிறவரும், அதற்குக் கெர்னல் எழுதுகிறவரும், ஓர் ஏட்டில் தமிழில் நான்கு வரி விளக்கம் சேர்க்கிறவரும் அப்படி ஒருவரை நம்பித்தான் எழுதுகிறார்கள். அவர் எப்போது வருவார், எந்த ஊரிலிருந்து வருவார் என்று அவர்களுக்குத் தெரியாது. வருபவர் நிரலின் வரிகளை மட்டும் கண்டால் புறநானூற்றின் பிற்பகுதி வாசகரைப்போல் தனித்து நிற்பார். உரையும் விடையும் உடன் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். தமிழில் நிரல் எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: நீங்கள் எழுதும் மொழி எதுவாயினும் ஆகட்டும், நிரற் கட்டத்துக்கு மேலே ஒரு கட்டத்தை விட்டுவையுங்கள், அங்கே, என்ன செய்கிறீர்கள், ஏன் செய்கிறீர்கள் என்று தமிழில் எழுதுங்கள்.